கேம் தொடர்கள்: கேளுங்கள், சொல்கிறேன்

ஒரு வீடியோ கேம் தொடரை எது சிறந்ததாக்குகிறது என்று கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். நிறைய வந்தன. ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். "எந்த கன்சோல் வாங்கலாம்?" கேள்விகளுக்கு இங்கே இடமில்லை, மன்னிக்கவும்.

கேள்வி: நல்ல கேம் வேறு, நல்ல தொடர் வேறு என்கிறீர்களே, என்ன வித்தியாசம்?

நல்ல கேமுக்கு ஒரு நல்ல யோசனை போதும். தொடர் என்றால், அந்த யோசனையில் எது உயிர், எது உடுப்பு என்று செய்தவர்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். முதல் பாகம் ஓடிவிட்டால் எல்லாமே உயிர் மாதிரித்தான் தெரியும், எதையும் தொடப் பயம் வரும்.

ரெசிடென்ட் ஈவில் என்ற திகில் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1996இல் வந்த முதல் பாகத்தில் கேமரா அறையின் மூலையில் அசையாமல் நிற்கும். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் ஜோம்பி முனகுவது கேட்கும், ஆள் தெரியாது. 2005இல் நான்காம் பாகம் அந்தக் கேமராவைத் தூக்கிப் போட்டுவிட்டு நாயகன் லியோனின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றது. பார்த்தால் வேறு கேம். ஆனால் துப்பாக்கியை நீட்டிவிட்டால் லியோனால் ஓர் அடி எடுத்துவைக்க முடியாது. கோடரியோடு நாலு பேர் வருகிறார்கள், கையில் ஆறு தோட்டா. நின்று சுடுவதா, திரும்பி ஓடுவதா? அந்தப் பதைப்புதான் உயிர். அதை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றினார்கள்.

2012இல் ஆறாம் பாகத்தில் நடந்துகொண்டே சுடலாம், தரையில் உருளலாம், உதைக்கலாம். எல்லாம் இருந்தது, பயத்தைத்தான் காணோம். 2017இல் ஏழாம் பாகம் நம்மை நாயகனின் கண்ணுக்குள்ளேயே உட்காரவைத்து ஒரு பாழடைந்த வீட்டில் அடைத்தது. கேமரா மறுபடியும் புதுசு. எனக்கு என்னவோ அது முதல் பாகத்தின் கூடப்பிறந்த தம்பி மாதிரித்தான் தெரிந்தது.

கேள்வி: அப்படியானால் ஒவ்வொரு பாகத்திலும் எவ்வளவு மாற்றலாம்? கணக்கு ஏதாவது உண்டா சார்?

சாம்ராஜ்யம் கட்டும் சிவிலைசேஷன் தொடரில் ஒரு கணக்கு உண்டு, அதை உருவாக்கிய சிட் மெயர் பெயரில் சொல்வார்கள். மூன்றில் ஒரு பங்கு பழையது அப்படியே, ஒரு பங்கு பழையதைச் செப்பனிட்டது, ஒரு பங்கு புத்தம்புதுசு. 2010இல் வந்த ஐந்தாம் பாகத்தில் சதுரக் கட்டங்கள் அறுகோணமாயின, ஒரு கட்டத்தில் ஒரு படைதான் நிற்கலாம் என்றும் ஆனது. அதற்கு முன்னால் ஒரே கட்டத்தில் படைகளை மலையாகக் குவித்து நகர்த்திப் பழகியவர்கள் நாங்கள், முணுமுணுத்தோம். ஆனாலும் "இன்னும் ஒரே ஒரு டர்ன்" என்று விடிய விடிய உட்காரவைக்கும் வியாதி கொஞ்சமும் குறையவில்லை. அது குறைந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

கேள்வி: யாகுஸா தொடரில் அதே தெரு, அதே கடைகள். மேப்பைத் திரும்பத் திரும்பப் போடுவது சோம்பேறித்தனம் இல்லையா?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். கமுரோச்சோ என்பது டோக்கியோவின் கபுகிச்சோவைப் பார்த்து வரைந்த பேட்டை, 2005இல் வந்த முதல் பாகத்திலிருந்தே இருக்கிறது. மூன்று பாகம் ஆடிவிட்டீர்கள் என்றால் அங்கே மேப்பைத் திறக்கவே மாட்டீர்கள், கால் தானாகத் திரும்பும். யாகுஸா 0 கதை 1988இல் நடக்கிறது. கைக்குட்டை அளவு காலிமனை ஒன்றுக்காக ஊரே அடித்துக்கொள்கிறது. மற்ற பாகங்களை ஆடியவர் அங்கே நின்று அண்ணாந்து பார்ப்பார். பின்னால் கட்டப்படும் மில்லேனியம் டவர் நிற்க வேண்டிய இடத்தில் வெறும் வானம்! புது ஊரை எவ்வளவு செலவு செய்து கட்டினாலும் அந்த ஒரு நொடி கிடைக்காது.

2000இல் வந்த ஸெல்டாவின் 'மஜோராஸ் மாஸ்க்' கூட முந்தைய பாகத்து ஆட்களின் உருவங்களை எடுத்து, அவர்களுக்கு வேறு வாழ்க்கையைக் கொடுத்ததுதான். மறுபடி எடுத்தால் தப்பில்லை, எடுத்ததற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். காரணமே இல்லாமல் எடுப்பவர்களும் உண்டு, அவர்களைச் சோம்பேறி என்று திட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கதை தொடர்ந்து வந்தால்தானே அது தொடர்?

அவசியமில்லை. ஃபைனல் ஃபேன்டஸியில் எண்ணுள்ள ஒவ்வொரு பாகமும் பெரும்பாலும் புது உலகம், புது ஆட்கள். சோகோபோ பறவையும் சிட் என்ற பெயரில் யாரோ ஒருவரும் வந்து எட்டிப்பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

ஆனால் கதை தொடர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மாஸ் எஃபெக்ட். முதல் பாகத்தின் (2007) சேவ் ஃபைலை, அதாவது நாம் எடுத்த முடிவுகள் பதிந்த ஃபைலை, இரண்டாம் பாகம் படித்துக்கொள்ளும். விர்மைர் என்ற கிரகத்தின் கடற்கரையில் என் அணியிலிருந்த ரெக்ஸ் துப்பாக்கியை என் முகத்துக்கு நீட்டினான். நான் பேசிப் பேசிச் சமாதானம் செய்து காப்பாற்றினேன். அப்புறம் ஹார்ட் டிஸ்க் செத்தது, சேவும் போனது. ஃபைல் இல்லாமல் இரண்டாம் பாகத்தை (2010) தொடங்கினால் கேம் தானே ஒரு வரலாற்றை வைத்துக்கொள்கிறது, அதில் ரெக்ஸ் இறந்துபோயிருக்கிறான். முப்பது மணி நேரம் செலவழித்து முதல் பாகத்தை மறுபடி ஆடினேன். வீட்டில் யாரிடமும் காரணம் சொல்லவில்லை.

கேள்வி: வருடத்துக்கு ஒன்று விட்டால் தொடர் கெட்டுவிடுமா?

பசி எடுக்கவிடாமல் பரிமாறினால் எதுவும் சலிக்கும். கிட்டார் ஹீரோ 2005இல் வந்தது. சில வருடங்களில் ஒரே ஆண்டுக்குள் பல வட்டுகளை இறக்கினார்கள், 2011இல் கடையைச் சாத்தினார்கள். அசாசின்ஸ் கிரீட் புத்திசாலி. 2016இல் முக்கிய பாகம் எதுவும் விடாமல் மூச்சு வாங்கிக்கொண்டு 2017இல் எகிப்தோடு வந்தது.

கேள்வி: அண்ணா, ஹாஃப் லைஃப் 3?

2007இல் அந்தத் தொடரின் எபிசோட் டூ கதையை நடுவில் நிறுத்திவிட்டுப் போனது. 2020இல் வந்த அலிக்ஸ் முந்தைய காலத்துக் கதை. அடுத்த கேள்வி.

கேள்வி: பழைய பாகங்கள்தான் நல்லவை என்பது சின்ன வயசு ஞாபகம் மட்டும்தானா?

பாதி அதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1985இன் சூப்பர் மரியோ பிரதர்ஸ் முதல் கட்டத்தை, இதுவரை கேமே ஆடாத ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் சும்மா உட்காருங்கள். காளான் வெளியே வந்து வலப்பக்கம் நழுவும், கீழே விழும், பச்சைக் குழாயில் முட்டித் திரும்பி நம்மை நோக்கியே வரும். எதிரி என்று நினைத்துக் குதிப்பார். மேலே இருக்கும் கல்லில் தலை இடிக்கும், நேராகக் காளான் மேலேயே விழுவார். மரியோ பெரிதாகிவிடுவான். ஒரு வார்த்தை எழுதாமல் பாடம் நடத்தியாயிற்று. இது ஞாபகத்தில் சேராது, கைவேலை.

கேள்வி: ஒரே ஒரு தொடர் சொல்லுங்கள், காரணத்தோடு.

ஸெல்டா. 1986இல் கையில் வாள்கூட இல்லாமல் ஒரு வெட்டவெளியில் விட்டார்கள், பக்கத்தில் ஒரு குகை வாசல். போ, பார் என்பதுதான் கேம். நடுவில் அதற்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது: நிலவறைக்குள் போ, அங்கே ஒரு கருவி கிடைக்கும், அதே கருவியால் பூதத்தை அடி. அழகான பழக்கம், நானும் ரசித்தேன். 2017இல் 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' அதைத் தூர வைத்துவிட்டது. தொடக்கத்து மேட்டிலிருந்து இறங்கிய கையோடு, வேறு எதையும் செய்யாமல் கடைசிக் கோட்டைக்கே நடக்கலாம், யாரும் தடுக்கமாட்டார்கள்.

நான் போனேன். கையில் ஒரு மரக்கிளை, கேடயத்துக்குப் பானை மூடி. கோட்டை வாசலைக்கூடப் பார்க்கவில்லை, காவல் எந்திரம் ஒன்று குறிவைத்த சிவப்புக் கோடு நெற்றியில் விழுந்ததுதான் தெரியும்.

உடனே மறுபடி போனேன்.