ஸ்வீட்வாட்டர் க்ரீக் பழைய மில்லைப் பார்க்க அப்பா அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

அட்லாண்டாவில் இருக்கிறீர்கள், ஊரிலிருந்து பெற்றோர் வந்திருக்கிறார்கள், ஸ்வீட்வாட்டர் க்ரீக் மாநிலப் பூங்காவில் இடிந்த சுவரைத் தவிர வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள். ஆனால் கதை தெரியாமல் போனால் நீங்கள் சொல்வதுபோல அது வெறும் சுவர்தான். ஒரு ஹாலிவுட் படத்துக்கு அங்கே ஷூட்டிங் நடந்ததால் வருகிற கூட்டத்தில் பாதி, வேலி ஓரமாக நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

ஐ-20 நெடுஞ்சாலையில் மேற்கே போய் 44ஆவது எக்ஸிட்டில், தார்ன்டன் ரோட்டில் இறங்க வேண்டும். டவுன்டவுனிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். பார்க்கிங்குக்குக் கட்டணம் உண்டு. சனி, ஞாயிறு என்றால் காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் இடம் கிடைப்பது கஷ்டம். நேராக ட்ரெயிலுக்குப் போகாமல், விசிட்டர் சென்டருக்குள் இருக்கும் சின்ன மியூசியத்தை முதலில் பார்த்துவிடுங்கள். இங்கே ஒரு ஊரே இருந்தது என்பது அங்கேதான் மனதில் பதியும்.

ஊரின் பெயர் நியூ மான்செஸ்டர். (கோயம்புத்தூர்க்காரர்களுக்குப் பழகிய பெயர்தான்!) ஜார்ஜியாவின் முன்னாள் கவர்னர் சார்லஸ் மெக்டொனால்டும் கூட்டாளிகளும் கட்டிய பஞ்சாலை 1849 கடைசியில் ஓட ஆரம்பித்தது. ஐந்து மாடி. அந்தக் காலத்து அட்லாண்டாவில்கூட அவ்வளவு உயரமான கட்டடம் கிடையாது. உள்ளே ஓடியது அடிமைகள் பறித்த பஞ்சு, அதையும் மறக்க வேண்டாம்.

ஓடையை ஒட்டிப் போகும் ரெட் ட்ரெயிலில் மில் வரைக்கும் அரை மைல்தான். பாதை அகலமானது. வழியில் ஒரு நீளமான பள்ளத்தைப் பார்ப்பீர்கள். பலரும் அதை ஏதோ காட்டுப் பள்ளம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதுதான் மில் வாய்க்கால். மேலே அணை கட்டித் தண்ணீரைத் திருப்பி, ஓடை பாறைகளில் சரிந்து இறங்க இறங்க, வாய்க்காலை மட்டும் அதிகச் சரிவில்லாமல் ஓட்டி வந்திருக்கிறார்கள். மில்லுக்கு வரும்போது இரண்டுக்கும் இடையே நல்ல உயர வித்தியாசம் கிடைத்துவிடும். அந்த உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீரின் விசையில்தான் மில் இயந்திரங்களை ஓட்டிய சக்கரம் சுற்றியது.

என் அப்பா கோவையில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். கூட்டிப் போனபோது காட்டையும் பார்க்கவில்லை, ஓடையையும் பார்க்கவில்லை. கீழே கல், மேலே செங்கல், வரிசையாக ஜன்னல் ஓட்டைகள் என்று நிற்கும் சுவரையே வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். "ஒத்தச் சக்கரத்துல இருந்து அத்தன மாடிக்கும் ஷாஃப்ட் ஓட்டியிருக்கான்டா. பெல்ட் அறுந்தா அன்னிக்கு அத்தன பேருக்கும் வேலை போச்சு" என்றார். ஜன்னல் ஏன் அவ்வளவு பெரிசு என்பதற்கும் அவரே பதில் சொன்னார்: நூல் அறுந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா?

அதற்கப்புறம்தான் 1864 கதையைச் சொன்னேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் இந்த மில், பிரிந்து போன தென்மாநிலங்களின் படைக்குத் துணி நெய்தது. ஜூலை தொடக்கத்தில் வடமாநிலப் படையின் ஜெனரல் ஷெர்மன் அனுப்பிய குதிரைப்படை வந்து மில்லைப் பிடித்தது, 9ஆம் தேதி கொளுத்தியது. அதே வாரம் அட்லாண்டாவுக்கு வடக்கே இருக்கும் ராஸ்வெல் ஊரின் மில்களுக்கும் அதே கதி. அதோடு விடவில்லை. வேலை செய்தவர்களையும் தேசத்துரோகிகள் என்று கைது செய்தார்கள். ஆண்கள் பெரும்பாலும் போருக்குப் போயிருந்ததால் சிக்கியவர்களில் அதிகம் பெண்களும் பிள்ளைகளும்தான். பக்கத்து ஊரான மரியெட்டாவுக்குக் கொண்டுபோய், ரயிலேற்றி, கென்டக்கியின் லூயிவில்லுக்கு அனுப்பினார்கள். சிலரை ஒஹாயோ ஆற்றைத் தாண்டி இண்டியானாவில் விட்டார்கள். பலர் திரும்பி வரவேயில்லை. ஊரும் மறுபடி எழவில்லை.

"மில்ல எரிச்சான் சரி, கூலிக்கு வந்த பொம்பளைங்க என்ன பண்ணுனாங்க?" என்றார் அப்பா. என்னிடம் பதில் இல்லை. ராணுவத்துக்குத் துணி போகாமல் தடுக்க மில்லை எரித்ததற்குப் போர் நியாயம் ஒன்று சொல்லலாம். வீட்டுக்குப் போகச் சொல்லியிருக்கலாமே என்ற கேள்விக்கு ஷெர்மனை ஆதரிப்பவர்கள் சொல்லும் எந்த விளக்கமும் எனக்கு ஒட்டவில்லை.

இனி உங்கள் பெற்றோர் விஷயம். மில்லோடு திரும்பிவிடுங்கள். அதைத் தாண்டி அருவிப் பக்கம் போகும் பாதையில் பாறையும் வேரும் படியுமாக இருக்கும், முட்டிவலிக்காரர்களுக்கு ஆகாது. அருவி என்றதும் குற்றாலத்தை நினைத்துக்கொண்டு போகவும் வேண்டாம், பாறைகளுக்கு நடுவே பாய்ந்து இறங்கும் தண்ணீர்தான். குளிக்கவும் அனுமதி இல்லை. செருப்பு வேண்டாம், ஷூ போடச் சொல்லுங்கள். மழை பெய்த மறுநாள் வேண்டவே வேண்டாம். 2009 செப்டம்பர் வெள்ளத்தில் இந்த ஓடைதான் சுற்று வட்டாரத்தையே மூழ்கடித்தது. நவம்பர் தொடக்கம் நல்ல நேரம், இலை நிறம் மாறியிருக்கும், கொசுவும் குறைவு.

மில்லைச் சுற்றி வேலி உண்டு. உள்ளே போக பூங்காவே நடத்தும் கைடு டூரில் சேர வேண்டும். தேதியை முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். ட்ரெயிலில் கழிப்பறை கிடையாது, விசிட்டர் சென்டரிலேயே போய்விட்டு நடையைத் தொடங்குங்கள்.