ஆஃப்ரோ-லத்தீனா மேடை நடிகைகள், அவர்களின் ஹெட்ஷாட், வேடங்கள்: கேட்டதும் சொன்னதும்

நியூயார்க்கில் மேடை நடிகர்களுக்கு ஹெட்ஷாட், அதாவது வேடம் கேட்டு அனுப்பும் முகப் படம், எடுப்பதுதான் என் பிழைப்பு. என்னிடம் வருபவர்களில் டொமினிக்கன், போர்ட்டோ ரிக்கோ, பனாமாப் பின்னணி கொண்ட கறுப்பினப் பெண்கள் நிறைய. அதைப் பற்றிக் கேளுங்கள் என்றேன், கேட்டுவிட்டீர்கள். தெரிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, முதலில் அடிப்படை. ஆஃப்ரோ-லத்தீனா என்றால் கறுப்பினமா, லத்தீனா?

இரண்டும்தான். லத்தீனா என்றால் லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண். இவர்கள் கரீபியன் தீவுகளுக்கும் மத்திய, தென் அமெரிக்காவுக்கும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள், பெரும்பாலும் வீட்டில் ஸ்பானிய மொழி. அவர்களுக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. குழப்பமெல்லாம் நடிகர் தேர்வு செய்பவர்களுக்குத்தான். லத்தீனா வேடம் என்றால் கொஞ்சம் வெளிறிய நிறம், அலையலையான நீண்ட கூந்தல் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், கறுப்பினப் பெண் வேடம் என்றால் அவள் ஸ்பானிய மொழி பேசுவாள் என்று யாருக்கும் தோன்றுவதே இல்லை. நடுவில் நிற்கும் பெண் எந்தப் படத்தை அனுப்புவாள் சொல்லுங்கள்.

கேள்வி: ஆரியானா டிபோஸ் ஆஸ்கர் வாங்கியபோதுதான் இந்தச் சொல்லையே கேள்விப்பட்டேன். மேடையில் அவர் என்ன செய்தார்?

நிறைய. 1991இல் வட கரோலினாவில் பிறந்தவர், அப்பா வழியில் போர்ட்டோ ரிக்கோ. நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வேயில் 2012இல் நுழைந்தார். 2015இல் 'ஹாமில்டன்' இசை நாடகம் வந்தபோது அதன் முதல் குழுவில் என்செம்பிளில் இருந்தார், அதாவது பின்னால் ஆடிப் பாடும் கூட்டத்தில் ஒருவர். ஆனால் கடைசித் துப்பாக்கிச் சண்டையில் ஹாமில்டனை நோக்கி மெதுவாக நகர்ந்து வரும் துப்பாக்கிக் குண்டாக வருவது அவர்தான், அதனாலேயே அந்த இடத்துக்கு 'புல்லட்' என்று பெயர் நின்றுவிட்டது. அடுத்து 'எ பிராங்க்ஸ் டேல்' இசை நாடகத்தில் இத்தாலியப் பையன் காதலிக்கும் கறுப்பினப் பெண் ஜேன். 2018இல் பாடகி டோனா சம்மரின் வாழ்க்கையைச் சொன்ன நாடகத்தில் மூன்று பேர் வெவ்வேறு வயது டோனாவாக வந்தார்கள், டிஸ்கோ காலத்து டோனா இவர், அதற்கு பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதுப் பரிந்துரையும் கிடைத்தது. அப்புறம்தான் 2021இல் வந்த புதிய 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' படத்தில் அனிட்டா, 2022இல் ஆஸ்கர்.

இந்த வரிசையைக் கொஞ்சம் கவனியுங்கள். ஜேன் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண், டோனாவும் அப்படியே, அனிட்டா போர்ட்டோ ரிக்கோக்காரி. மூன்றும் அதே முகம்தான். வேடத்துக்கு வேடம் நிறத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

கேள்வி: பழைய 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் அனிட்டாவாக ரீட்டா மோரேனோ நடித்தாரே, அவர் போர்ட்டோ ரிக்கோக்காரர்தானே. அப்புறம் என்ன குறை?

குறை அவரிடம் இல்லை. 1961 படத்தில் போர்ட்டோ ரிக்கோ கும்பலாக வரும் எல்லோருக்கும் ஒரே பழுப்புப் பூச்சைப் பூசிவிட்டார்கள், அங்கேயே பிறந்த மோரேனோ உட்பட. எங்கள் ஊரில் எத்தனையோ நிறத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், எல்லோரையும் ஏன் ஒரே நிறமாக்குகிறீர்கள் என்று தான் கேட்டதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தக் கும்பலின் தலைவன் பெர்னார்டோவாக நடித்த ஜார்ஜ் சக்கிரிஸ் கிரேக்க வம்சாவளி, அவன் தங்கை மரியாவாக நடித்த நட்டாலி வுட்டின் பெற்றோர் ரஷ்யாவிலிருந்து வந்தவர்கள். ஆக பழுப்புப் பூச்சு தயாராக இருந்தது, கறுப்பான போர்ட்டோ ரிக்கோப் பெண்ணுக்குத்தான் இடமில்லை. புதிய படத்துக்குப் பேச்சு வந்தபோது, நான் ஆஃப்ரோ-லத்தீனா, அதைப் படத்தில் தொடப்போவதில்லை என்றால் என்னை எடுக்காதீர்கள் என்று இயக்குநர் ஸ்பீல்பெர்க்கிடமே சொன்னதாக டிபோஸ் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வேலை தேடிப் போன இடத்தில் அப்படிப் பேச எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

கேள்வி: அவருக்கு முன்னால் யாருமே இல்லையா?

இல்லாமல் என்ன. டாஃப்னி ரூபின்-வேகா, பனாமாவில் பிறந்தவர். 1996இல் 'ரென்ட்' நாடகத்தின் முதல் மிமி அவர்தான், அது லத்தீனா வேடம், டோனிப் பரிந்துரை. 2003இல் 'அன்னா இன் தி டிராபிக்ஸ்', 1929இல் ஃப்ளோரிடாவின் சுருட்டுத் தொழிற்சாலையில் நடக்கும் கியூபக் குடும்பக் கதை, அதற்கும் பரிந்துரை. பிறகு பிராட்வேக்கு மறுபடி வந்த 'லே மிசராப்ல'வில் ஃபான்டீன். பிரெஞ்சுக்காரி வேடம்! என் கணக்கில் அவருடைய பட்டியலில் முக்கியமான வரி அதுதான். மிமிக்கு அவரைக் கூப்பிட்டது பெரிய விஷயமில்லை, ஃபான்டீனுக்குக் கூப்பிட்டார்களே, அது பெரிய விஷயம்.

கேள்வி: ஹெட்ஷாட்டுக்கு முடியை நேராக்க வேண்டுமா, சுருட்டையாகவே விடலாமா? என் மகளின் கல்லூரித் தோழி, டொமினிக்கன் பெண், கேட்கச் சொன்னாள்.

ஆடிஷனுக்கு எந்த முடியோடு கதவைத் திறந்து உள்ளே போவாளோ அந்த முடி. தேர்வு செய்பவர் மேசையில் இருக்கும் படமும் எதிரே நிற்கும் ஆளும் வேறு வேறாக இருந்தால் அந்தப் பெண் பாடத் தொடங்கும் முன்பே அவர்கள் எரிச்சலாகிவிடுவார்கள். சுருட்டையாக ஒன்று, பின்னல் போட்டு ஒன்று என்று இரண்டு எடுத்து வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் பின்னல் போட்டால் வாரக்கணக்கில் அப்படியேதான் இருக்கும், இடையில் திடீரென்று கூப்பிட்டால் அவிழ்க்க முடியாது. நேராக்கிய முடியோடு நிஜமாகவே நடமாடுகிறாள் என்றால் அதையும் எடுக்கலாம், தவறில்லை. 'லத்தீனா மாதிரி தெரிய' என்று ஒன்று, 'கறுப்பினப் பெண் மாதிரி தெரிய' என்று ஒன்று கேட்டு வருகிறார்கள், அதை மட்டும் நான் எடுப்பதில்லை. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து ஆளை மாற்றுகிற வேலை அது.

கேள்வி: கறுப்புத் தோலுக்கு லைட்டிங் கஷ்டம் என்று ஒரு ஸ்டூடியோக்காரர் சொன்னாரே?

அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். கேமராவின் மீட்டர் எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். வெள்ளைப் பின்னணி வைத்தால் மொத்த வெளிச்சத்தையும் குறைத்து முகத்தை இருட்டாக்கும், கறுப்புப் பின்னணி வைத்தால் முகத்தை வெளுக்கவைக்கும். பின்னணியை மறந்து முகத்தில் விழும் ஒளியை மட்டும் கையடக்க மீட்டரால் அளந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஒளி பெரிதாகவும் மென்மையாகவும் பக்கவாட்டிலிருந்து வரட்டும். கறுப்புத் தோலின் அழகே கன்ன எலும்பிலும் நெற்றியிலும் விழும் அந்த மினுக்கம்தான், பவுடர் அப்பி அதைக் கொல்லாதீர்கள். சுருட்டை முடிக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன லைட் கொடுத்தால் முடி பின்னணியில் கரையாமல் தனியாக நிற்கும்.

பிலிம் காலத்தில் கோடாக் லேபுகள் நிறம் சரிபார்க்க 'ஷர்லி கார்டு' என்ற வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை வைத்திருந்தன, மற்றவர்கள் முகம் சேறுபோல வந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இப்போது அந்தச் சாக்கு கிடையாது. ரீடச்சில், அதாவது எடுத்த படத்தைத் திருத்தும்போது, பரு போகலாம். நிறம் ஒரு சொட்டுகூட வெளுக்கக் கூடாது, மச்சமும் போகக் கூடாது.

கேள்வி: அளவு, ரெஸ்யூமே எல்லாம்?

8க்கு 10 அங்குலம், கலர். ரெஸ்யூமேயை அதே அளவுக்கு வெட்டிப் படத்தின் பின்னால் ஒட்டுவார்கள் அல்லது பின் அடிப்பார்கள், இப்போது பெரும்பாலும் இணையத்தில் ஏற்றுவதுதான். உயரம், குரல் வகை, நடித்த வேடங்கள், பயிற்சி போதும், வயது போட வேண்டாம். இனம் என்று தனி வரி தேவையில்லை. ஸ்பானிய மொழி தெரிந்தால், எந்த ஊர்ப் பேச்சு வரும் என்பதையும் திறன்களில் எழுதுங்கள். கியூபாக்காரர் பேசுவதும் மெக்சிகோக்காரர் பேசுவதும் ஒன்றில்லை.

கேள்வி: 'இன் தி ஹைட்ஸ்' படத்துக்கு ஏன் அவ்வளவு திட்டு விழுந்தது?

கதை நடக்கும் நியூயார்க்கின் வாஷிங்டன் ஹைட்ஸ் டொமினிக்கன் மக்கள் நிறைந்த பகுதி, கறுப்பானவர்கள் தெருவெங்கும் இருப்பார்கள். 2021 படத்தில் முன்னணி வேடங்களில் வெளிறிய நிறக்காரர்களே அதிகம், கறுப்பான ஆஃப்ரோ-லத்தீனர்கள் நடனக் கூட்டத்தில் பின்னால். அதன் பாடல்களை எழுதிய லின்-மனுவேல் மிராண்டா பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். திட்டு நியாயம்தான் என்பது என் எண்ணம், ஆனால் இதே பழக்கம் உள்ள எத்தனையோ தயாரிப்புகள் யார் கண்ணிலும் படாமல் தப்பித்துப் போகின்றன.

கேள்வி: மேடையில் விக் வைக்கும்போது இந்த முடி பிரச்சினை ஆகுமா?

தெரிந்தவர் கையில் ஆகாது. முடியைத் தலையோடு ஒட்டினாற்போலப் பின்னி, மேலே தொப்பி, அதற்கு மேல் விக். மைக்கை நெற்றி முடியோரம் ஒளித்துவைப்பார்கள். ஆனால் பின்னத் தெரிந்த ஆள் எல்லா அரங்கிலும் இருப்பதில்லை, நடிகையே வீட்டில் பின்னிக்கொண்டு வரும் கூத்தும் நடக்கிறது. ஒப்பந்தம் பேசும்போதே கேட்டுவிட வேண்டிய விஷயம்.

கேள்வி: என் மகள் தமிழ்ப் பெண், கறுப்பு, சுருட்டை முடி. லத்தீனா வேடத்துக்கு ஆடிஷன் அழைப்பு வருகிறது. போகலாமா?

ஊர் பேர் சொல்லாத வேடமென்றால் தாராளமாகப் போகட்டும். டொமினிக்கன் என்று எழுதியே இருந்தால், அந்த ஒரு இடத்துக்காக வரிசையில் நிற்கும் டொமினிக்கன் பெண்கள் இருக்கிறார்கள், நான் விட்டுவிடச் சொல்வேன். நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம். ஹெட்ஷாட்டுக்கு மேலே சொன்ன லைட்டிங் எல்லாம் அவளுக்கும் அப்படியே பொருந்தும்.

கேள்வி: டிபோஸை மேடையில் பார்க்க வழி உண்டா?

'ஹாமில்டன்' மேடைப் பதிவு 2016இல் எடுத்தது, டிஸ்னி பிளஸில் 2020இல் வந்தது. நாயகர்களை விட்டுவிட்டு என்செம்பிளில் அவரை மட்டும் தொடர்ந்து பாருங்கள். கடைசிச் சண்டை வரும்வரை காத்திருக்க வேண்டாம், அதற்கு முன்பே பல இடங்களில் சாவுக்குப் பக்கத்தில் அவர்தான் நிற்பார்.