அரிப்பு டிரான்ஸ்மிட்டர் விடிகாலையில் ஏறி மதியம் இறங்கினால் எங்கே பார்ப்பது?

கேள்வி இதுதான்: உச்சிப்புளி பக்கம் எரிவாயுக் குழாய் ஒன்றில் இ.ஆர். புரோப் (மின்தடை மாற்றத்தை வைத்து உலோகத் தேய்மானத்தை அளக்கும் முனை) வைத்த அரிப்பு டிரான்ஸ்மிட்டர் இருக்கிறது. விடிகாலையில் அரிப்பு வேகம் எகிறுகிறது, மதியத்துக்குள் மைனஸில் போய்விடுகிறது. புரோபை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா, அதற்கு முன் எதைச் சோதிக்க வேண்டும்?

இப்போதைக்குப் புரோபைத் தொடாதீர்கள். தேய்ந்த இரும்பு மதியத்துக்குள் வளர்ந்துவிடாது. தினமும் ஏறி இறங்கும் கோட்டை வரைவது பெரும்பாலும் உப்பும் பனியும்தான்.

கணக்கைப் பார்த்தால் விளங்கும். இ.ஆர். புரோபின் நுனியில் மெல்லிய உலோகத் துண்டு ஒன்று குழாய்க்குள் திறந்திருக்கும். அது தேயத் தேய மின்தடை கூடும். அதே உலோகத்தில் இன்னொரு துண்டு உள்ளே மூடியிருக்கும். வெப்பத்தால் வரும் மாற்றத்தைக் கழிப்பதற்கு அது. டிரான்ஸ்மிட்டர் இரண்டின் விகிதத்தை 0 முதல் 1000 பிரிவுகளாக்கி, 4 முதல் 20 மில்லி ஆம்பியராக அனுப்பும். அதாவது ஒரு பிரிவுக்கு 0.016 மில்லி ஆம்பியர். 8 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சுவருள்ள டியூப் புரோப் என்றால் அளக்கக்கூடிய ஆயுள் 4 மில், சுமார் 0.1 மி.மீ. ஆக ஒரு பிரிவு என்பது 0.1 மைக்ரான் உலோகம்.

இனி கசிவைப் பாருங்கள். டிரான்ஸ்மிட்டர் டெர்மினலில் 20 வோல்ட் நிற்கிறது. பிளஸுக்கும் மைனஸுக்கும் நடுவில் ஈரமான உப்புப் படலம் 100 கிலோ ஓம் தடையோடு படிந்தால் 0.2 மில்லி ஆம்பியர் அதன் வழியே ஓடும். அது 12 பிரிவுக்கு மேல், கிட்டத்தட்ட 1.27 மைக்ரான். கண்ட்ரோல் ரூம் கணினி அமைப்பான டிசிஎஸ் இதை ஒரு நாள் தேய்மானமாக எடுத்து 365-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 0.46 மி.மீ. என்று காட்டும். ஆண்டுக்கு 0.25 மி.மீ. தாண்டினாலே 'கடுமையான அரிப்பு' என்று எண்ணெய், எரிவாயுத் துறையில் வகைப்படுத்துவார்கள். வெயில் ஏறி படலம் பெரும்பாலும் காய்ந்ததும் ஏறக்குறைய அதே அளவு மைனஸில் வரும். உங்கள் கோடு இப்படித்தான் இருக்கிறது.

இந்தக் கரையில் இது அடிக்கடி வருவதற்குக் காரணம் உண்டு. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரையும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதனால்தான் பகலிலும் படலம் முழுதாகக் காய்வதில்லை. மண்டபம், பாம்பன் பக்கம் வடகடலும் தென்கடலும் இரு புறமும் இருப்பதால் கச்சான் காற்று அடித்தாலும் வாடைக்காற்று அடித்தாலும் உப்பு வந்து சேரும். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி தன் கடல் அரிப்புச் சோதனை நிலையத்தை மண்டபத்தில் வைத்திருப்பது சும்மா இல்லை. இன்னொன்றும் கவனியுங்கள்: மழை படும் பக்கத்தைவிட, வெயில் மறைப்புத் தகட்டுக்கு அடியில் இருக்கும் பக்கத்தில்தான் உப்பு அதிகம் சேரும். கழுவிவிட அங்கே மழை போகாது.

உப்பு பெட்டிக்குள் எப்படிப் போகிறது? பகலில் பெட்டி சூடாகி உள்காற்று விரிந்து வெளியேறும். இரவில் குளிர்ந்து வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். ஓ-ரிங் நசுங்கியிருந்தாலோ கேபிள் நுழையும் கிளாண்டில் ரப்பர் காய்ந்திருந்தாலோ தினமும் ஒரு மூச்சு உப்புக்காற்று உள்ளே போகும்.

அதனால் முதல் சோதனையை மதியம் செய்யாதீர்கள். மதியம் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும், "நோ ஃபால்ட் ஃபவுண்ட்" என்று எழுதிவிட்டுப் போவார்கள். சூரியன் எழும் நேரத்தில், பெட்டியைத் திறக்காமல், கண்ட்ரோல் ரூமிலேயே ஆரம்பியுங்கள். லூப்பில், அதாவது டிரான்ஸ்மிட்டருக்கும் பேனலுக்கும் இடையே மின்னோட்டம் சுற்றிவரும் பாதையில், 250 ஓம் தடை இருக்கும். அதன் குறுக்கே மல்டிமீட்டர் வைத்து வோல்ட்டேஜ் எடுங்கள். 4 மில்லி ஆம்பியருக்கு 1.000 வோல்ட், 20-க்கு 5.000 வோல்ட். அந்தத் தடையின் உண்மையான மதிப்பை முன்பே மின்சாரம் இல்லாதபோது அளந்து குறித்திருக்க வேண்டும். 250 என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். அதே நேரத்தில் ஹார்ட் கம்யூனிகேட்டரை (அதே கம்பி வழியே டிரான்ஸ்மிட்டரோடு டிஜிட்டலாகப் பேசும் கருவி) இணைத்து, டிரான்ஸ்மிட்டர் 'நான் அனுப்புகிறேன்' என்று சொல்லும் மில்லி ஆம்பியரைப் படியுங்கள். ஹார்ட்டில் வரும் எண் டிஜிட்டல், கசிவு அதை மாற்றாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கசிவு. 50 மில்லி வோல்ட் வித்தியாசம் என்றால் 0.2 மில்லி ஆம்பியர்.

வித்தியாசத்தின் திசையும் செய்தி சொல்லும். பேனலில் கூடுதலாக இருந்தால் பிளஸ்-மைனஸ் நடுவே கசிவு. குறைவாக இருந்தால் மைனஸ் கம்பி எங்கோ எர்த்தைத் தொடுகிறது. மின்னோட்டத்தில் ஒரு பங்கு 250 ஓம் தடையைச் சுற்றிப் போய்விடுகிறது. இரண்டும் ஒத்துப்போய், ஹார்ட் எண்ணும் சேர்ந்தே ஏறி இறங்கினால் கசிவு லூப்பில் இல்லை. அப்போது புரோப் பக்கம் பாருங்கள்: வெயிலில் குழாய் சூடாகும்போது வெளியே தெரியும் துண்டு உடனே சூடாகும், மூடியுள்ள ரெஃபரன்ஸ் பின்தங்கும். அந்த ஆட்டத்துக்கு மருந்து எளிது. தினமும் ஒரே நேரத்தில், விடியலுக்கு முன் எடுத்த ரீடிங்கை மட்டும் ஒப்பிடுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. விடியலில் 4.20 வருகிறதென்று ஹார்ட்டில் அவுட்புட் டிரிம் போட்டு 4.00-க்கு இறக்குவது. மதியம் அது 3.80 ஆகும். நாமூர் என்.இ. 43 என்ற சிக்னல் வரம்பு முறைப்படி 3.8 வரை சாதாரணம், 3.6-க்குக் கீழே பழுது. நோயை அடக்கிப் பழுது அலாரத்தின் பக்கத்தில் கொண்டுபோய் விட்டிருப்பீர்கள்.

பெட்டியைத் திறக்கும் வேலைக்கு வருவோம். எரிவாயுப் பகுதி என்பதால் பெர்மிட், கேஸ் டெஸ்ட் முடித்த பிறகே. தீப்பிழம்பு தாங்கும் வகைப் பெட்டியை மின்சாரம் இருக்கும்போது திறக்கக் கூடாது. இந்த லூப்பை வைத்து அரிப்புத் தடுப்பு மருந்துப் பம்ப் ஓடினால் அதை மேனுவலில் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். பலரும் மறப்பது இதைத்தான்.

முதலில் கேபிள். இரு முனையிலும் கம்பியைக் கழற்றிவிட்டுத்தான் 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் தடையை அளக்கும் கருவி) போட வேண்டும். டிரான்ஸ்மிட்டர் சேர்ந்திருக்கும்போது மெகர் போட்டால் உள் எலக்ட்ரானிக்ஸ் போய்விடும், பார்த்தால் வெளியில் ஒன்றும் தெரியாது. மெகர் முடிந்ததும் கேபிளை டிஸ்சார்ஜ் செய்யுங்கள். 20 வோல்ட்டில் 1 மெகா ஓம் என்றாலே ஒரு பிரிவுக்கு மேல் பிழை வரும். 10 மெகா ஓமுக்குக் கீழே இருக்கும் கேபிளையும் டெர்மினல் கட்டையையும் நான் விடமாட்டேன்.

டெர்மினல் கட்டையில் வெள்ளைப் பொடியோ பச்சைப் பூச்சோ தெரிந்தால் கட்டையையே மாற்றுவது மலிவு. கழுவுவதாக இருந்தால் முதலில் காய்ச்சி வடித்த நீர், பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹால், பிறகு நன்றாக உலரவிடல். ஆல்கஹாலில் மட்டும் தேய்த்தால் உப்பு சரியாகக் கரையாது, இடம்தான் மாறும். புரோப் கனெக்டரின் முள்களை உப்புத்தாள் (சாண்ட்பேப்பர்) வைத்துத் தேய்க்காதீர்கள், தங்கப் பூச்சு போனால் ஒரு மழைக்குள் முள் கறுத்துவிடும். ஓ-ரிங்கைப் புதிதாகப் போட்டு மெல்லிய சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். கிளாண்ட் ஓரத்தை அடைக்கக் கடையில் கிடைக்கும் சிலிக்கான் பேஸ்டை வாங்கும்போது மூக்கைப் பயன்படுத்துங்கள்: வினிகர் வாடை அடித்தால் அது உலரும்போது அசிட்டிக் அமிலம் விடும், மூடிய பெட்டிக்குள் செம்பை அதுவே தின்றுவிடும். நியூட்ரல் வகை கேட்டு வாங்குங்கள். கேபிள் பெட்டிக்கு அடியிலிருந்து நுழைய வேண்டும், நுழையும் முன் தொங்கலாக ஒரு வளைவு விட வேண்டும். பாலிதீன் பையைச் சுற்றி டேப் ஒட்டும் வழக்கம் இங்கே நிறைய உண்டு. அது ஈரத்தைக் காப்பாற்றும் ஏற்பாடு.

சுத்தம் முடிந்த பிறகு டிரான்ஸ்மிட்டரைத் தனியாகச் சோதியுங்கள். புரோபைக் கழற்றி, உற்பத்தியாளர் தரும் டெஸ்ட் புரோபை மாட்டினால் அதில் எழுதிய பிரிவு எண் வர வேண்டும். ஹார்ட் வழியாக 4, 8, 12, 16, 20 என லூப் டெஸ்ட் கொடுத்து, ஏறும்போதும் இறங்கும்போதும் பேனலில் படியுங்கள். 4-இல் சரி, 20-இல் மட்டும் குறைகிறதா? லூப் தடை அதிகம், டிரான்ஸ்மிட்டருக்கு வோல்ட்டேஜ் பற்றவில்லை. கம்பி நுனியில் துருப்பிடித்த ஃபெர்ரூலோ, மின்னாற்றலைக் கட்டுப்படுத்தும் பழைய பேரியரோ காரணமாக இருக்கும். பிறகு உண்மைப் புரோபை மாட்டி 'செக்' ரீடிங் எடுங்கள். மூடியுள்ள துண்டை மட்டும் வைத்து எடுப்பது அது. புரோப் போட்ட நாளில் இருந்த மதிப்பிலிருந்து உற்பத்தியாளர் சொன்ன வரம்பைத் தாண்டி விலகியிருந்தால்தான் புரோப் போய்விட்டது என்று பொருள்.

புரோப் மாற்றும் நாளில் வரும் பிழை வேறு: புது புரோபின் அளவைக் கருவியில் மாற்றாமல் விடுவது. 40 மில் கம்பிப் புரோபுக்கு ஆயுள் 10 மில். 8 மில் டியூபுக்கு 4 மில். பழைய எண்ணிலேயே ஓடினால் அரிப்பு வேகம் இரண்டரை மடங்கு தப்பாக வரும், ஆனால் கோடு அழகாக, நம்பும்படியாக இருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு உள்ள வாயுவில் வேறொரு ஏமாற்று: இரும்பு சல்பைடு மின்சாரம் கடத்தும், துண்டின் மேல் படிந்தால் உலோகம் வளர்வதுபோல் கோடு மெல்ல இறங்கும். ஆனால் அது நாள்தோறும் ஆடாது.

கடல்நீர், குளிர்நீர் வழிகளில் எல்.பி.ஆர். புரோப் (மின்முனைகளுக்குச் சிறு வோல்ட்டேஜ் கொடுத்து அரிப்பை அளப்பது) வைத்திருந்தால் கசிவு இன்னும் வஞ்சகமானது. 5 சதுர செ.மீ. கார்பன் ஸ்டீல் மின்முனை மூன்று உள்ள புரோபில் ஆண்டுக்கு 0.1 மி.மீ. அரிப்பு என்பது சுமார் 600 ஓம் தடை; அரிப்பு குறைந்தால் தடை கூடும். இரண்டு முனைப் புரோபில் அதன் இரு மடங்கு. இந்த மதிப்புள்ள தடைகளை வைத்தே நீங்களே போலிப் புரோப் செய்துகொள்ளலாம். கனெக்டரில் 10 கிலோ ஓம் கசிவு இருந்தால் 0.1 மி.மீ. ரீடிங்கில் பிழை 6 சதவீதம்தான். ஆனால் 0.01 மி.மீ. அரிப்பில், அதாவது 6000 ஓமில், ரீடிங் 60 சதவீதம் கூடிவிடும். மருந்து நன்றாக வேலை செய்யும்போதுதான் கருவி பொய் சொல்லும். எனவே போலிப் புரோபை 600-இல் மட்டும் சோதித்து நிறுத்தாமல் 6000 ஓமிலும் சோதியுங்கள்.

இவை எல்லாம் முடிந்த பிறகும் சந்தேகம் இருந்தால் கூப்பன்தான் தீர்ப்பு: எடை போட்டுக் குழாய்க்குள் வைக்கும் உலோகத் தகடு அது. பக்கத்திலேயே அதே உலோகக் கூப்பனை 90 நாள் வைத்து எடை இழப்பை மில்லி கிராமில் எடுத்து 87.6-ஆல் பெருக்கி, அடர்த்தி, பரப்பு சதுர செ.மீ., மணி நேரம் மூன்றின் பெருக்கலால் வகுத்தால் ஆண்டுக்கு மி.மீ. வந்துவிடும். அதே 90 நாளுக்கு இ.ஆர். காட்டிய மொத்தத் தேய்மானத்தோடு ஒப்பிடுங்கள், தினசரி வேகத்தோடு அல்ல. கூப்பனில் குழிகள் தெரிந்தால் எடை இழப்பை மட்டும் பார்க்காமல் குழியின் ஆழத்தையும் அளக்க வேண்டும், இ.ஆர்., எல்.பி.ஆர். இரண்டுமே குழி அரிப்பைச் சரியாகக் காட்டாது.

பராமரிப்பு நாட்களைப் பொறுத்தவரை, செப்டம்பர் கடைசியில் ஓ-ரிங், கிளாண்ட், சிலிக்கா ஜெல் பார்த்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் விடியல் சோதனையை ஒருமுறை செய்யுங்கள். மழையில்லாத கோடை மாதங்களில் மறைப்புத் தகட்டுக்கு அடியிலும் பெட்டியின் வெளியிலும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் மாதம் ஒருமுறை துடைத்தால் போதும். பிரஷர் ஜெட் வேண்டாம், கிளாண்ட் தாங்காது.