தாய்க்கோழி கண்ட நோய் குஞ்சுக்கு என்ன செய்யும்?

லயத்தில் கழிச்சல் (நியூகாசில் நோய்) வந்து பாதிக் கோழி போய்விட்டது. தப்பிய பெட்டையின் குஞ்சுகள் திடமாக நிற்கின்றன. பசாரில் வாங்கி வந்தவை வரிசையாகச் சாகின்றன. வம்சம்தான் காரணமா? (சுங்கை சிப்புட் வாசகி)

வம்சம் இல்லை அம்மா, மஞ்சள் கரு. நோயிலிருந்து தேறிய பெட்டையின் ரத்தத்தில் அந்தக் கிருமியை மடக்கும் ஆன்டிபாடிகள் இருக்கும். முட்டை உருவாகும்போது அவை மஞ்சளில் இறங்கிவிடும். வெளியே வர ஓரிரு நாள் இருக்கும்போது குஞ்சு மிச்ச மஞ்சளைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். செத்த ஒருநாள் குஞ்சைத் திறந்து பார்த்தால், குடலோடு ஒட்டி அந்த மஞ்சள் பை தெரியும். 1893-லேயே ஜெர்மனியில் கிளெம்பெரர் என்ற டாக்டர், டெட்டனஸுக்கு எதிர்ப்பு ஏற்றிய கோழிகளின் மஞ்சள் கருவிலும் அந்த எதிர்ப்பு இருப்பதைக் காட்டிவிட்டார்.

ஆனால் தாய் எந்த நோயைச் சந்தித்ததோ அதற்குத்தான் காப்பு. கழிச்சலில் பிழைத்தது என்பதற்காக அம்மைக்கும் தாங்கும் என்று நினைக்க வேண்டாம். இது கைமாற்று மாதிரி. இரண்டு மூன்று வாரத்தில் கரைந்துவிடும். பிறகு குஞ்சு தானே சம்பாதிக்க வேண்டும். பசார் குஞ்சுகள் செத்ததற்குத் தாயை மட்டும் குறை சொல்லவும் முடியாது. பெட்டியில் நெருக்கியடித்து, குளிரில் வந்த குஞ்சு எதையும் தாங்காது.

என் பெட்டை அடை உட்காரவில்லை. பக்கத்து வீட்டுக் கோழிக்கு அடியில் வைத்தால் இந்தக் காப்பு போய்விடுமா?

போகாது. முட்டை இட்டவளின் சரக்கு உள்ளேயே இருக்கிறது; அடைகாப்பவள் கொடுப்பது சூடு மட்டும். இன்குபேட்டரில் வைத்தாலும் இதே கதைதான். காக்கைக் கூட்டில் பொரியும் குயில் குஞ்சுக்கும் மஞ்சளில் வந்தது குயிலம்மா கொடுத்ததே.

தாய்க்குக் கழிச்சல் தடுப்பு மருந்து போட்டாயிற்று. குஞ்சுக்கும் போட வேண்டுமா?

கட்டாயம். நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். தாய் கொடுத்த ஆன்டிபாடி உச்சத்தில் இருக்கும்போது கண்ணில் சொட்டு விட்டால், மருந்திலுள்ள உயிர்க் கிருமியையும் அது பிடித்து அமுக்கிவிடும். குஞ்சின் உடம்பு பாடம் படிக்காது. அதனால் கழிச்சலுக்கு முதல் வாரத்தில் ஒரு முறை போட்டாலும், மூன்று நான்கு வாரத்தில் மறுபடி போடுங்கள். இரண்டாவது தடவையை விட்டுவிட்டு, ‘மருந்து சரியில்லை’ என்று திட்டுவது நியாயமில்லை. ஐஸ் பெட்டி இல்லாத கம்பத்துக்கென்றே 1980-களில் செர்டாங் விவசாயப் பல்கலைக்கழகத்தில் வெப்பம் தாங்கும் வி4-யுபிஎம் என்ற கழிச்சல் தடுப்பு மருந்தை உருவாக்கி, தீவனத்தில் கலந்தே கொடுத்துப் பார்த்தார்கள். உங்கள் ஊரில் இப்போது எந்த மருந்து கிடைக்கிறது என்று கால்நடை இலாகாவில் கேளுங்கள்.

அந்த முட்டையை அவித்துச் சாப்பிட்டால் நமக்கும் எதிர்ப்பு வருமா?

வராது. வெந்தால் அந்தப் புரதம் கெட்டுவிடும். சத்துக்குச் சாப்பிடுங்கள்.

புறா வளர்க்கிறேன். அதற்கும் இப்படியா?

மஞ்சள் வழி உண்டு. அப்புறம், புறாக்கள் தொண்டைப்பையில் சுரக்கும் பாலிலும் ஆன்டிபாடி இருக்கிறது. அந்தப் பாலை ஆண் புறாவும் ஊட்டும்.

மருந்து போட்ட எத்தனை நாளில் முட்டையை அடைக்கு எடுக்கலாம்?

தாயின் ரத்தத்தில் ஆன்டிபாடி ஏற ஓரிரு வாரம், மஞ்சளில் சேர மேலும் ஒரு வாரம். அதற்கு முன் எடுத்தாலும் குஞ்சு பொரியும், காப்பு குறைவாக இருக்கும். நோயில் வாடி நிற்கும் பெட்டையின் முட்டையை மட்டும் வைக்காதீர்கள். சால்மொனெல்லா மாதிரிக் கிருமிகளும் முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போகும்.