டாங்கிக்கு உருமறைப்புப் பெயிண்ட்: கேள்வி பதில்

சுரேஷ்: இரண்டாம் உலகப் போர் ஜெர்மன் டாங்கி மாடல் செய்கிறேன். ஒரு படத்தில் சாம்பல், இன்னொன்றில் மஞ்சள், வேறொன்றில் மூன்று நிறம். எது சரி?

மூன்றும் சரி, வருஷத்தைப் பாருங்கள். ஐரோப்பாவில் 1943 பிப்ரவரி வரை கருஞ்சாம்பல்தான். அப்புறம் ஆலையிலிருந்தே அடர் மஞ்சளில் வந்தது. கூடவே ஆலிவ் பச்சை, செம்பழுப்புப் பெயிண்டைப் பசைபோல் கெட்டியாக டப்பாக்களில் கொடுத்தார்கள். காடா, வயலா என்று பார்த்து படைப்பிரிவே மேலே அடித்துக்கொள்ள வேண்டும். பெட்ரோலில் கரைத்து ஸ்பிரே செய்தால் நன்றாகப் பிடிக்கும். பெட்ரோலுக்குத்தான் பஞ்சமாயிற்றே! தண்ணீரில் கரைத்து அடித்தால் மழைக்கு நிற்காது. ஸ்பிரே கன் இல்லாதவர்கள் பிரஷ்ஷால் தீட்டினார்கள். ஆகவே ஒரே பிரிவிலேயே இரண்டு வண்டி ஒன்றுபோல் இருக்காது. உங்கள் கோடு கோணலானால் கவலையே வேண்டாம்.

வனிதா: பனிக்கால வெள்ளையை எப்படிக் காட்டுவது?

அது கழுவினால் போகிற வெள்ளை. 1941 குளிரில் ரஷ்யாவில் அதுவும் போதாமல் சுண்ணாம்பு, படுக்கை விரிப்பு என்று கிடைத்ததை வைத்துச் சமாளித்தார்கள். ஆட்கள் ஏறி இறங்கும் இடங்களிலும் மூடி ஓரங்களிலும் முதலில் தேயும். அங்கே சாம்பல் தெரியட்டும். அமெரிக்கர்கள் 1970களில் செய்தது இன்னும் கெட்டிக்காரத்தனம். வண்டிக்கு நான்கு நிறம்; அதில் இரண்டு மட்டும் பரப்பில் ஆளுக்கு 45 சதவீதம், மற்ற இரண்டும் ஐந்தைந்து. பனி விழுந்தால் பெரிய நிறத்தில் ஒன்றை மட்டும் வெள்ளையாக்கினால் போதும், முழு வண்டியையும் தொட வேண்டாம்.

இர்பான்: பாலைவனத்தில் ரோஸ் நிற ஜீப் நிஜமா?

நிஜம்தான். பிரிட்டிஷ் சிறப்புப் படையின் லேண்ட் ரோவர்கள், ஓமனில் ஓடின. விடியலிலும் அந்தியிலும் மணலோடு மணலாகக் கலந்துவிடும்.

மேரி: நகரத்துக்கு?

1980களில் பெர்லினில் இருந்த பிரிட்டிஷ் சீஃப்டன் டாங்கிகளைத் தேடிப் பாருங்கள். வெள்ளை, சாம்பல், பழுப்பு எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். சுவரும் ஜன்னலும் நேர்கோடு; அங்கே வளைந்த திட்டுகள் எடுபடாது.

கதிர்: இவ்வளவு செய்தும் விமானத்திலிருந்து தெரியாதா?

தெரியும். நிழலையும் சக்கரத் தடத்தையும் பெயிண்ட் மறைக்காது. அதனால்தான் 1942இல் எகிப்தில் நடந்த எல் அலமைன் போருக்கு முன் பிரிட்டிஷார் டாங்கிமேல் கேன்வாஸ் கூடு மாட்டி லாரியாகக் காட்டினார்கள். டாங்கி இரவில் நகரும். விடிவதற்குள் தடத்தை அழித்துவிட்டு, பழைய இடத்தில் பொய் டாங்கி ஒன்றை நிறுத்திவிடுவார்கள்.