தரங்கம்பாடிக்குச் செவ்வாய்க்கிழமை போங்கள்

சார், வணக்கம்.

சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பாண்டிச்சேரி, மாமல்லபுரம் இரண்டும் போய்ப் போய் அலுத்துவிட்டது. கூட்டமில்லாத சின்னக் கடற்கரை ஊராகப் பார்த்து நானும் என் தோழியும் போய்வரலாம் என்று பேசி, தரங்கம்பாடி என்று முடிவு செய்திருக்கிறோம். இரண்டு பேருக்கும் சேர்த்து எல்லாம் நாலாயிரம் ரூபாய்க்குள் முடியவேண்டும். தேடிப் பார்த்தால் கடலை ஒட்டிய பழைய பங்களா விடுதிகள்தான் முதலில் வருகின்றன. ஒரு ராத்திரி வாடகையே எங்கள் பட்ஜெட்டைத் தாண்டுகிறது. சனி, ஞாயிறு போனால் போதுமா? இரண்டு பெண்கள் மட்டும் தங்கலாமா? அங்கே ஓசோன் காற்று அதிகம், மூச்சிரைப்புக்கு நல்லது என்கிறார்களே, உண்மையா? தோழிக்கு வீசிங் உண்டு.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தோழிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஓசோன் கதையை நம்பாதீர்கள். அந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் பெருமையாகச் சொல்வார்கள், ஆனால் ஓசோன் நமக்கு நல்லது செய்வது பல கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும்போதுதான். மூக்குக்கு நேராக வந்தால் அது மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும் மாசு, வீசிங் உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது. கடற்கரையில் நமக்கு வருகிற அந்த வாசனைகூட ஓசோன் இல்லை, கடலில் வாழும் நுண்பாசிகளால் உண்டாகும் ஒரு கந்தக வாயு அதில் முக்கியமானது. தரங்கம்பாடிக் காற்று சுத்தமாக இருக்கிறது, அவ்வளவுதான். தோழி இன்ஹேலரை மறக்காமல் எடுத்துக்கொள்ளட்டும்.

சரி, பணத்துக்கு வருவோம். நாலாயிரத்துக்குள் முடியும். ஆனால் நீங்கள் சொன்ன சனி, ஞாயிறில் முடிவது கஷ்டம். கடற்கரை ஊர் என்றால் சீசன் பார்த்து வாடகை ஏறும் என்று நினைப்போம். தரங்கம்பாடியைச் சுற்றி அப்படியில்லை, அங்கே வாடகையை ஏற்றி இறக்குவது பக்கத்து ஊர்க் கோயில்கள். வடக்கே பத்து கிலோமீட்டருக்குள் திருக்கடையூர், அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் வருடம் முழுக்க நடக்கிற ஊர். ஒரு குடும்பம் வந்தால் ஐம்பது பேர் வருவார்கள், பிள்ளைகளுக்கு லீவு இருக்கிற நாளாகப் பார்த்தும் வருவார்கள். தெற்கே காரைக்கால், அதை ஒட்டித் திருநள்ளாறு. சனிக்கிழமை என்றால் சனீஸ்வரனைப் பார்க்க வெள்ளிக்கிழமை ராத்திரியிலிருந்தே லாட்ஜுகள் நிரம்பிவிடும். போதாததற்கு காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது, மதுவுக்காகவே வார இறுதியில் வந்து அறை எடுக்கும் கூட்டம் தனி. இந்த மூன்று கூட்டத்துக்கும் நடுவில் போய் நின்று குறைந்த வாடகைக்கு அறை கேட்டால் ரிசப்ஷனில் இருப்பவர் உங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்.

அதனால் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுத் திங்கள் ராத்திரி கிளம்புங்கள். நாள்காட்டியில் முகூர்த்த நாள் இல்லாத செவ்வாய், புதனாகப் பாருங்கள். வெள்ளிக்கிழமையும் வேண்டாம், கோட்டை அருங்காட்சியகத்துக்கு நெடுநாளாக அன்றுதான் வார விடுமுறை. சென்னையிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் போகும் உழவன் எக்ஸ்பிரஸில் சாதாரணப் படுக்கை வசதி எடுத்தால் மயிலாடுதுறையில் விடிவதற்கு முன்பே இறக்கிவிடும். இறங்கியவுடன் வெளியே ஓடாதீர்கள். ஸ்டேஷன் காத்திருப்பு அறையில் பல் தேய்த்து, முகம் கழுவி, வெளிச்சம் வந்த பிறகு பஸ் பிடித்தால் போதும். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி வரை ஒரு காலத்தில் ரயிலே ஓடியது, 1980களில் நிறுத்திவிட்டார்கள். இப்போது பஸ்தான். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகப் போகும், முப்பது கிலோமீட்டர் அளவில் இருக்கும். கட்டணமில்லாத நகரப் பேருந்து கிடைத்தால் உங்கள் இருவருக்கும் அந்தச் செலவும் இல்லை. ஆனால் எல்லா வண்டியும் நகரப் பேருந்து இல்லை, ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தங்குவது தரங்கம்பாடியில் வேண்டாம். கோட்டைக்குப் பக்கத்துப் பழைய வீடுகளைப் புதுப்பித்து விடுதி ஆக்கியிருக்கிறார்கள், அழகாக இருக்கும், அவை நமக்கானவை அல்ல, சம்பளம் ஏறின பிறகு போய்க்கொள்ளலாம். திருக்கடையூரில் தங்குங்கள். முகூர்த்தம் இல்லாத செவ்வாய்க்கிழமையில் அங்கே லாட்ஜுகள் காற்று வாங்கும், கேட்ட விலையில் பேசிக் குறைக்கவும் முடியும். முழுக்க முழுக்கக் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வந்து போகிற இடம், பாட்டிமார் நடமாட்டம் அதிகம், இரண்டு பெண்கள் தங்குவதை யாரும் விசித்திரமாகப் பார்க்கமாட்டார்கள். காரைக்காலை விட்டுத் திருக்கடையூரைச் சொல்வதற்கு எனக்கு வாடகையைக் காட்டிலும் இதுதான் பெரிய காரணம். பஸ் அந்த வழியாகத்தான் போகிறது என்பதால் காலையில் இறங்கி, அறையைப் பேசி, பையைப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் தரங்கம்பாடி போய்விடலாம். அதிகாலையில் அறைக்குள் விட்டால் ஒரு நாள் கணக்கு எங்கே தொடங்குகிறது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இருபத்து நாலு மணி நேரக் கணக்கு வைக்கும் லாட்ஜ் உங்களுக்கு லாபம்.

ஊருக்குள் ஆட்டோ வேண்டவே வேண்டாம். நகர வாயில் ஒன்று இருக்கிறது, வெள்ளையடித்து, மேலே 1792 என்று ஆண்டு போட்டிருக்கும். அதற்குள் நுழைந்தால் ராஜ வீதி, நேராக நடந்தால் கடல். நீங்கள் பார்க்க வேண்டியது கிட்டத்தட்ட எல்லாமே இந்த ஒரு வீதியிலும் அதன் முடிவிலும் இருக்கிறது. தேவாலயங்களுக்கும் கல்லறைகளுக்கும் கடலுக்கும் டிக்கெட் கிடையாது. கோட்டை அருங்காட்சியகத்துக்கு மட்டும் சிறிய கட்டணம். கோட்டையில் அவ்வப்போது பராமரிப்பு வேலை நடக்கும், போகும் முன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டால் நல்லது.

குறைந்த செலவில் போகிறவர்கள் செய்கிற ஒரு தப்பு, காசு செலவாகவில்லை என்பதற்காக எல்லாவற்றையும் ஒரு மணி நேரத்தில் போட்டோ எடுத்து முடித்துவிடுவது. அப்படிப் பார்த்தால் தரங்கம்பாடி ஒன்றுமில்லாத ஊர். ஒரு மஞ்சள் கோட்டை, இரண்டு மாதாகோயில், கொஞ்சம் கடல், முடிந்தது. கொஞ்சம் கதை தெரிந்துகொண்டு போனால்தான் அந்த ஒரு வீதிக்கு ஒரு நாள் போதாமல் போகும்.

1620ல் தஞ்சை ரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்கும் ஏற்பட்ட உடன்பாட்டில் வந்தது இந்தக் கோட்டை. நாயக்கர் டென்மார்க் அரசருக்குப் பொன் ஓலையில் எழுதிய தமிழ்க் கடிதம் இன்றும் அந்த நாட்டு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. டேனியர்கள், அதாவது டென்மார்க்காரர்கள், இரண்டே கால் நூற்றாண்டு வைத்திருந்துவிட்டு 1845ல், வங்காளத்தில் தங்களிடமிருந்த சீராம்பூரையும் சேர்த்து, பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ‘குட்டி டென்மார்க்’ என்று சுற்றுலா வீடியோக்களில் சொல்வதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். டேனியர்கள் வருவதற்கு முந்நூறு வருடம் முன்பே, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் அதே கரையில்தான் நிற்கிறது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கோட்டைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. நீங்கள் காலை வெயில் ஏறுமுன் முதலில் அங்கே போங்கள்.

அப்புறம் சீகன்பால்கு. 1706 ஜூலையில் வந்து இறங்கிய ஜெர்மானிய மதபோதகர். வந்த இரண்டாம் வருடமே டேனிய ஆளுநரோடு தகராறாகி, இதே கோட்டையில் நான்கு மாதம் சிறையில் கிடந்தார். அவரை அனுப்பியதே டென்மார்க் அரசர்தான் என்பது வேடிக்கை. தமிழில் முதன்முதலாக அச்சடித்தது இங்கேதான் என்று யாராவது உங்களிடம் சொன்னால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள், 1578லேயே கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற தமிழ்ப் புத்தகம் அச்சாகிவிட்டது. இங்கே நடந்தது வேறு, அதுவும் பெரிய விஷயம்தான். ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவை, புத்தகம் போட்டால் காகிதம் ஏராளமாக விழுங்கும். ஆகவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்க்கத் தொடங்கினார்கள், 1715ல் புதிய ஏற்பாடு முழுதாக வந்துவிட்டது. எழுத்து வார்த்ததும், பின்னால் காகித ஆலை வைத்ததும் பக்கத்து ஊரான பொறையாறில். இதை ஏன் சொல்கிறேன் என்றால் மதியம் உங்களுக்குப் பசிக்கும், ராஜ வீதியில் நம் பட்ஜெட்டுக்கு முழுச் சாப்பாடு தேடினால் கால்தான் வலிக்கும், நீங்களும் பொறையாறுக்குத்தான் போகப் போகிறீர்கள். இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். ஊர்க்காரர்கள் சாப்பிடுகிற சாதாரண மெஸ்ஸில் மீன் குழம்போடு சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழத் திரும்பி வாருங்கள். ஒன்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது மீன் விலை ஏறிக் கிடக்கும். என்னைக் கேட்டால் ஜனவரி, பிப்ரவரி என்பேன். ஐப்பசி, கார்த்திகையில் போனால் மழையைப் பார்த்துக்கொண்டு லாட்ஜ் ஜன்னலோரம் உட்கார வேண்டியதுதான்.

சாயங்காலம் புதிய எருசலேம் ஆலயம், 1718ல் கட்டியது, சீகன்பால்கு அதற்குள்ளேயே அடக்கமாகியிருக்கிறார். எதிரே இன்னும் பழையதாகச் சீயோன் ஆலயம். அங்கே வழிபாடு நடந்தால் பின்னால் உட்காருங்கள், கேமராவை எடுக்காதீர்கள். அதே மாதிரிதான் மீனவர் குப்பத்துப் பக்கமும். 2004 சுனாமியில் அந்த ஊர் நிறைய உயிர்களைக் கொடுத்திருக்கிறது, அதற்குப் பிறகு படம் பிடிக்க வந்தவர்களையும் நிறையப் பார்த்துவிட்டது. வலை சீர்செய்கிறவரிடம் பேசுங்கள், பேசிவிட்டுக் கேட்டுப் படம் எடுங்கள்.

கடலில் இறங்குவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகள் இருக்கின்றன, அலை வந்து தூக்கினால் போய் மோதுவது அதில்தான். மண்ணும் சட்டென்று ஆழமாகும். இன்னொன்று கழிப்பறை. இதை யாரும் எழுதமாட்டார்கள், பெண்களுக்குப் பயணத்தில் பாதிக் கவலை இதுதான் என்று என் மனைவி சொல்வார். கரையோரத்தில் இருப்பதை நம்பாமல் பொறையாறு ஓட்டலிலேயே போய்வந்துவிடுங்கள். இருட்டுவதற்கு முன் சாலைக்கு வந்து பஸ் பிடித்துவிடுங்கள், ராத்திரியில் வண்டிகளின் இடைவெளி கூடும். தவறவிட்டால் ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணம் அன்றைய இரண்டு வேளைச் சாப்பாட்டுப் பணம்.

புதன்கிழமை காலையில் திருக்கடையூர் கோயிலைப் பாருங்கள், யாருக்கோ எண்பதாம் கல்யாணம் நடந்துகொண்டிருக்கும், அதுவே ஒரு காட்சி. பூம்புகாரையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று தோன்றும். எனக்கு வேண்டாம் என்றுதான் படுகிறது, பஸ் மாறி மாறிப் போக வேண்டும், அதற்கு இன்னொரு தடவை காலை நேரத்தில் தரங்கம்பாடிக் கரையில் உட்காரலாம். திரும்பும்போது பகலில் ஓடும் சோழன் எக்ஸ்பிரஸில் மயிலாடுதுறையிலிருந்து இரண்டாம் வகுப்பு இருக்கை எடுங்கள். போகும் டிக்கெட்டோடு சேர்த்து இன்றைக்கே போட்டுவிடுங்கள், கடைசி நேரத் தட்கல் கட்டணம் உங்கள் நாலாயிரத்தில் தேவையில்லாமல் கைவைக்கும். அறையை மட்டும் முன்பதிவுத் தளங்களில் போடாதீர்கள். இரண்டு மூன்று லாட்ஜுகளுக்குப் போன் செய்து, அன்றைக்கு ஊரில் எத்தனை கல்யாணம் என்று கேட்டுவிட்டு வாடகையைப் பேசுங்கள்.