காக்கர் ஸ்பேனியலுக்குக் காது நாற்றம்: சொட்டு மருந்து கேட்பதற்கு முன்

கேள்வி: ஆனைமலைப் பக்கம் எனக்கு ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பு. பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கிய காக்கர் ஸ்பேனியலுக்கு இப்போது பத்து மாதம். பகல் முழுக்க தோப்பில் என்னோடுதான் திரியும். வாய்க்காலைக் கண்டால் இறங்காமல் வராது. ஒரு மாதமாக இரண்டு காதும் நாறுகின்றன, பழுப்பாக அழுக்கு வருகிறது, தலையை உதறிக்கொண்டே இருக்கிறது. கடையில் கொடுத்த சொட்டு மருந்தில் ஐந்து நாள் நன்றாக இருந்தது, நிறுத்தியதும் பழையபடி. வேப்பெண்ணெயும் விட்டுப் பார்த்தேன். இதைவிட வீரியமான மருந்து எது? தோப்புக் காவலுக்கு இந்த நாய் ஆகுமா?

பதில்: வேப்பெண்ணெயை இன்றோடு நிறுத்துங்கள். வீரியமான மருந்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, இந்தக் காது ஏன் காய்வதே இல்லை என்று.

நாயின் காதுக்குழல் ‘ட’ எழுத்தைப் போல நேரே கீழிறங்கி, பிறகு உள்ளே திரும்புகிறது. காக்கருக்கு அதற்கு மேல் மயிர் அடர்ந்த, கனத்த காதுமடல் மூடிபோலத் தொங்குகிறது. குழலுக்குள்ளும் மற்ற நாய்களைவிட மயிரும் மெழுகுச் சுரப்பிகளும் அதிகம். வாய்க்கால் தண்ணீர் உள்ளே நின்றால், தோலில் எப்போதும் சும்மா கிடக்கும் பூஞ்சைக்கு அதுவே விளைநிலம். தண்ணீரில் இறங்காதே என்று இந்த நாயைத் தடுக்கவும் முடியாது. இங்கிலாந்தில் புதருக்குள் புகுந்து வுட்காக் பறவைகளைக் கிளப்பிவிடுவதற்கென்றே வளர்த்த இனம். புதரும் ஈரமும் அதன் சுபாவம். இறங்கட்டும். வெளியே வந்ததும் காதைத் துடைப்பது உங்கள் வேலை.

இப்போது அந்தச் சொட்டு மருந்துக்கு வருகிறேன். கடைகளில் கேட்டவுடன் எடுத்துத் தருவதில் பெரும்பாலும் மூன்று சரக்கு கலந்திருக்கும்: பாக்டீரியாவுக்கு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று, கூடவே ஸ்டீராய்டு. இரண்டே நாளில் அரிப்பை அடக்குவது ஸ்டீராய்டு. குணமாகிவிட்டது என்று நினைத்து நீங்கள் நிறுத்துவீர்கள். காரணம் உள்ளேயே இருக்கும். இப்படியே நாலைந்து முறை போனால் குழலின் சுவர் தடித்து, சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும். பிறகு குழலையே அறுத்து எடுப்பதைத் தவிர வழியில்லை. அந்த நிலைக்கு வருவதில் காக்கர்தான் முன்னால் நிற்கிறது. செவிப்பறை கிழிந்திருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. பாக்டீரியாவைக் கொல்லும் ஜென்டாமைசின் போன்ற மருந்து உட்காதுக்குள் இறங்கி நாயைச் செவிடாக்கிவிடலாம். ஆறு மாதம் சொட்டு மருந்திலேயே ஓட்டிவிட்டு, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத நிலையில் என்னிடம் கொண்டுவரப்பட்ட நாயை நான் மறக்கவில்லை. காதுக்குள் விளக்கடித்துப் பார்க்காதவர் கையிலிருந்து காது மருந்து வாங்காதீர்கள். விற்கிறவருக்கு அது ஒரு புட்டி, உங்கள் நாய்க்கு அது காது.

உடுமலைப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குத் தூரமில்லை. செவிப்பறையைப் பார்க்கச் சொல்லுங்கள். காது அழுக்கைக் கண்ணாடித் துண்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சையா, பாக்டீரியாவா, சிற்றுண்ணியா என்று அங்கேயே தெரிந்துவிடும். மருந்து அதற்குப் பிறகுதான். சொன்ன நாள் முழுக்க விடுங்கள், நாற்றம் போனதும் நிறுத்தாதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது: மடலின் உட்புறத்திலும் காது வாயைச் சுற்றியும் மயிரை மாதம் ஒருமுறை டிரிம்மரால் ஒட்ட எடுங்கள். நனைந்து வந்த ஒவ்வொரு முறையும் மடலைப் புரட்டி, பஞ்சால் விரல் எட்டும் வரை ஒற்றி எடுங்கள். பட்ஸ் குச்சி வேண்டாம், அது அழுக்கை உள்ளே தள்ளும். வாய் குறுகிய, ஆழமான கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் குடிக்கும்போது காது நனையாது. இத்தனைக்குப் பிறகும் திரும்பி வந்தால், பாதத்தை நக்குகிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் தோல் ஒவ்வாமை, காது அதன் ஒரு பகுதிதான்.

காவலுக்கு ஆகாது. பதினைந்து கிலோ அளவே வரும், மனிதரைக் கண்டால் உடம்பே ஆடும் நாய் இது. இரவில் தோப்பில் கட்டிப்போட்டால் ஏங்கிவிடும். காவலுக்கு ராஜபாளையமோ கோம்பையோ பாருங்கள், இது பிள்ளைகளோடு வீட்டுக்குள் படுக்கட்டும்.

உங்கள் தோப்பில் ஊசிப்புல்லும் நாயுருவியும் இருக்கும். அவற்றின் விதை காதுக்குள் புகுந்துவிடும். இரண்டு காதும் நாறுவதால் இப்போதைய தொல்லை அதுவாக இருக்காது. ஆனால் என்றைக்காவது ஒரே ஒரு காதைத் திடீரென்று சாய்த்து உதறினால் விதை உள்ளே போயிருக்கிறது என்று பொருள். எதையும் ஊற்றாமல் அன்றே தூக்கிக்கொண்டு போங்கள்.